தொடர் புகார் பட்டியலிலிருந்து ஒரு பொடுதலைப் பாத்தியை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தபால் பிரிவு எழுத்தர்,
கதவு எண் 14, கீழ்த்தளம்,
நீரேற்று நிலையப் பின்தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், முதல் மாடி.
(நேரில் கொடுக்கப்படுகிறது. தபால் பிரிவு வழியாக அல்ல.)

பொருள்: களைக்கொல்லி தெளிப்பு – நீரேற்று நிலையப் பின்சுவர் ஓரம் – வரும் வியாழக்கிழமை (14.5) நடைபெறவுள்ளதை நிறுத்தக் கோருதல் – மேற்படி இடத்தைத் தொடர் புகார் பட்டியலிலிருந்து நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. என் மனு, நாள் 3.2 (தீர்வு செய்யப்பட்டது)
2. என் மனு, நாள் 20.2 (தீர்வு செய்யப்பட்டது)
3. என் மனு, நாள் 2.3 (தீர்வு செய்யப்பட்டது, தொடர் நடவடிக்கையில் உள்ளது)

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். மூன்று முறை மனு கொடுத்து, மூன்று முறையும் தவறாமல் நடவடிக்கை எடுக்கப்பட்டு, அதனால் நொந்துபோன ஒருவன் நான்காவது முறையாக எழுதிக்கொள்வது. தங்கள் அலுவலகத்தின் மெத்தனம் குறித்துத் தங்களுக்குத் தினமும் நூறு மனுக்கள் வரும் என்பதை அறிவேன். அவற்றைப் பிரித்து அடுக்கியவனே நான்தான். என் குறை அதற்கு நேர்மாறானது என்பதால், தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டுகிறேன்.

1. மேற்படி இடம், எங்கள் பின்வாசலுக்கும் நீரேற்று நிலையத்தின் சுவருக்கும் நடுவே உள்ள துண்டு நிலம். நீளம் நாற்பதடி, அகலம் ஆறடி. அது நகராட்சிக்குச் சொந்தமானது. எனக்கு அதில் எந்த உரிமையும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நிலையத்தின் பெரிய குழாய் சுவருக்குள் நுழையும் இணைப்பில், நாங்கள் குடிவந்த நாள் முதல் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. அதனால் அந்த மண் கோடையிலும் காய்வதில்லை. கசிவு பற்றி நான் இதுவரை மனு கொடுத்ததில்லை, இனியும் கொடுக்க மாட்டேன். இந்தப் பத்தியைப் பொறியியல் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. அந்த ஈரத்தில் என் மனைவி பொடுதலை வளர்த்தார். அவர் மருத்துவமனைத் துணிக்கிடங்கில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். மருத்துவமனையின் பின்புறத்து வாய்க்காலுக்குக் கான்கிரீட் கரை கட்டியபோது, அங்கே தானாகப் படர்ந்து கிடந்த பொடுதலையை வாரிக் குப்பை வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற ஒரு வாரமே இருந்த அவர், அதில் ஒரு கைப்பிடியை ஈரத்துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்துவந்தார். முப்பது ஆண்டுகளில் அவர் அந்த மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

3. தாங்கள் அந்தச் செடியைப் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். தரையோடு தரையாகப் படரும். இலை சிறியது, கொஞ்சம் தடிப்பு, நுனியில் மட்டும் பல் பல்லாக இருக்கும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பூத்தலை. அதைச் சுற்றி வெள்ளையும் இளம் ஊதாவுமாகப் பொடிப் பூக்கள் ஒரு வளையமாகப் பூக்கும். நடுவதற்கு எந்த வித்தையும் வேண்டாம். இரண்டு கணு உள்ள துண்டாகக் கிள்ளி, ஈர மண்ணில் படுக்கவைத்து, கணுவின் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்தால் பத்தே நாளில் வேர் விடும். பிறகு ஒவ்வொரு கணுவும் தானே ஊன்றிக்கொண்டு நகரும். உரம் கேட்காது. காலால் மிதித்தாலும் கோபித்துக்கொள்ளாது. ஈரம் மட்டும் அற்றுப்போகக் கூடாது. வெட்டிவிடுவதானால் பாதிப் பாத்தியை மட்டும் வெட்டி, அது துளிர்த்த பிறகே மறுபாதியில் கை வைக்க வேண்டும் என்பது என் மனைவியின் சட்டம். ஒரு பாதியை இழந்தவை மறுபாதிக்குப் போக வழி இருக்க வேண்டும் என்பார். போகிறவை யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்து, பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சத்தானே என்று கேட்டார். என் தலையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

4. இரண்டாம் ஆண்டில் விவரம் தெரிந்தது. செம்மஞ்சள் சிறகில் கண் வரைந்தது போன்ற ஒரு வண்ணத்துப்பூச்சி, அந்த இலையில் முட்டையிட்டது. அதன் புழு கறுப்பாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளாக இருக்கும். பார்த்தால் அருவருப்பு, தொட்டால் ஒன்றும் செய்யாது. அதற்கு இந்த இலை வேண்டும். ரோஜாவையும் குரோட்டன்ஸையும் கொண்டுபோய் வைத்தாலும் தின்னாது. பூக்களுக்கோ வேறு கூட்டம். நகத்தைவிடச் சிறிய நீல வண்ணத்துப்பூச்சிகள், சுவர் இடுக்கில் குடியிருக்கும் கொசுத்தேனீக்கள், பெயர் தெரியாத ஈக்கள். இலைப்பாய்க்கு அடியில் இரண்டு தேரைகள். அந்திக்கு முன் தும்பிகள். நாற்பதடி நிலத்துக்கு அது பெரிய குடித்தனம்தான். மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளை எண்ணியது போலவே, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, என் மனைவி தினமும் காலையில் புழுக்களை எண்ணி எழுதிவைப்பார். வேலையை விட்டபின் ஓர் ஆண்டு முழுக்க அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். அவர் மறுபடி எண்ணத் தொடங்கியபோது எனக்கு உயிர் வந்தது என்பதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

5. கடந்த ஜனவரியில் நீரேற்று நிலையத்தில் பழுது பார்த்தவர்கள், உடைத்த செங்கல்லைப் பாத்தியின் ஓரத்தில் கொட்டினார்கள். அதை அகற்றி, "அங்குள்ள செடிகளைப் பாதுகாத்துத் தருமாறு" வேண்டிப் பார்வை 1-இல் கண்ட மனுவைக் கொடுத்தேன். ஆறாம் நாள் மூவர் வந்து, செடி முழுவதையும் மண்வெட்டியால் சுரண்டி அள்ளிப் போனார்கள். செங்கல் அப்படியே இருந்தது. அன்று மாலை என் கைப்பேசிக்கு, தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது என்று செய்தி வந்தது.

6. ஏதோ கைத்தவறு என்று நினைத்தேன். அப்படிச் செடியை அகற்றியது தவறு என்று பார்வை 2-இல் கண்ட மனுவில் தெளிவாக எழுதினேன். சுரண்டிய இடத்தில் வேரிலிருந்து துளிர்கள் வந்துகொண்டிருப்பதையும், அவற்றைத் தொட வேண்டாம் என்றும் குறிப்பிட்டேன். அதுதான் நான் செய்த பிழை போலும். துளிர்கள் வருவதாக நானே தகவல் கொடுத்துவிட்டேன். 27.2 அன்று தெளிப்புக் குழு முதுகில் தொட்டியோடு வந்தது. அதன் மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. நான் ஓடிப்போய்த் தடுத்தபோது, "சார், நீங்கதானே மனு போட்டீங்க? உங்க பேருதான் இருக்கு. நாங்க அடிச்சுட்டுப் போனதும் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க" என்றார். இலையில் இருந்த புழுவைக் கிள்ளியெடுத்துக் காட்டினேன். "அட, பூச்சி வேற இருக்கா? இதுக்கும் சேத்து அடிச்சிடறோம் சார்" என்றார். என் மனைவி பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார்.

7. கொசு ஒழிப்புக்காக என்று தங்கள் தரப்பில் கூறப்படலாம் என்பதால் ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். பொடுதலை இருந்தவரை அங்கே தண்ணீர் தேங்கியதில்லை. வேர்ப்பாய் ஈரத்தைப் பரப்பிக் குடித்துவிடும். தெளிப்புக்குப் பின் மண் மொட்டையானது. குழுவினரின் காலணித் தடங்களில் கசிவு நீர் நின்றது. பன்னிரண்டு தடங்கள், ஒன்பதில் கொசுப்புழு நெளிந்ததைத் தெரு வழியாகச் சுற்றிப் போய் என் கண்ணால் பார்த்தேன். தேரைகளை அதன் பிறகு பார்க்கவில்லை. இவற்றை எல்லாம் படம் வரைந்து, பார்வை 3-இல் கண்ட மனுவில் இணைத்தேன்.

8. அந்த மனுவுக்கு இரண்டு மாதம் பதில் இல்லை. மனம் நிம்மதியாக இருந்தது. 5.5 அன்று கடிதம் வந்தது. ஒரே இடம் குறித்து மூன்று புகார்கள் வரப்பெற்றதால் மேற்படி இடம் "தொடர் புகார் பகுதி" என வகைப்படுத்தப்பட்டு, மாதந்தோறும் இரண்டாம் வியாழன் அன்று தெளிப்பு நடைபெறும் என்றும், முதல் தெளிப்பு 14.5 அன்று என்றும் அதில் கண்டிருந்தது. பொதுமக்கள் ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள்.

9. கடிதத்தை எடுத்துக்கொண்டு தபால் பிரிவுக்குப் போனேன். என் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, தேநீர் வரவழைத்தார். மூன்று மனுக்களையும் கணினியில் எடுத்துக் காட்டினார். மூன்றும் 11-ஆம் தலைப்பில் இருந்தன. ஏன் என்று கேட்டேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டே, "சார், செடின்னு வந்தா பதினொண்ணுதான் சார். லிஸ்ட்டுல வேற இல்ல. லிஸ்ட் போட்டதே நீங்கதானே?" என்றார்.

10. உண்மைதான், அம்மையீர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அலுவலகத்துக்குக் கணினி வந்தபோது, வரும் மனுக்களை எல்லாம் தலைப்புகளாகப் பிரித்து ஒரே நாளில் பட்டியல் தரும்படி அப்போதைய ஆணையர் என்னிடம் சொன்னார். இருபத்து நான்கு தலைப்புகள் எழுதிக் கொடுத்தேன். "11. செடி, கொடி, புதர் – அகற்றுதல்." என் கையெழுத்தில் அந்தத் தாள் இன்றும் கோப்பில் இருக்கிறது. அதுவரை என் மேசைக்கு வந்த மனுக்களில், ஒரு செடி இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அப்படி ஒருவர் கேட்பார் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. வேலையைச் சுருக்கமாகச் செய்ததற்காகப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். சென்ற வாரம்வரை அது எங்கள் கூடத்தில் தொங்கியது. தேநீரைக் குடித்து முடிக்காமலேயே எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெண் தவறாக நினைத்திருக்கக் கூடும், அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

11. என் மனைவி இருபத்து மூன்று நாள் பின்வாசலைத் திறக்கவில்லை. துணியை வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்டார். கதவைத் திற என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, நானும் திறக்கவில்லை. 22.3 அன்று காலை தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. குழாய் கசியும் மூலையில், சொட்டு நீர் மருந்தைக் கழுவிவிட்ட ஒரு சாண் இடத்தில், இரண்டு கொடிகள் பிழைத்திருந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது ஒன்றுதான். "நீங்க இனிமே எதுவும் எழுதாதீங்க. நீங்க எழுதாம இருந்தாலே அது பொழைச்சுக்கும்."

12. ஆகவே இந்த மனுவை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தங்கள் கடிதம் வந்ததும் அவருக்குத் தெரியாது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு கொடிகளும் கணுக்கணுவாக ஊன்றி, இன்று ஆறடி தூரம் வந்திருக்கின்றன. போன மாதக் கடைசியில் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து முட்டை வைத்துப் போனது. நேற்றைய எண்ணிக்கைப்படி புழுக்கள் பத்தொன்பது, இலைக்கடியில் தொங்கும் கூட்டுப்புழுக்கள் ஐந்து. இன்னும் ஏழெட்டு நாளில் அவை சிறகோடு வெளியே வந்துவிடும் என்று என் மனைவி நேற்றுச் சாப்பிடும்போது சொன்னார். சொல்லும்போது சிரித்தார். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. இன்னொரு முறை அந்தக் கதவு தாழிடப்பட்டால், அது திறக்கும் என்று நம்ப எனக்கு இனித் தெம்பு இல்லை.

13. மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் கெஞ்சிப் பார்த்தேன். "சீட்டு வந்துட்டா சீட்டுதான் சார். நிறுத்தணும்னா மேல இருந்து இன்னொரு சீட்டு வரணும். நான் என்ன பண்றது, சொல்லுங்க" என்றார். அவர் சொல்வது சரிதான். நானும் முப்பத்தொரு ஆண்டுகள் அதையே சொன்னவன்.

எனவே, அம்மையீர், தங்களிடம் நான் வேண்டுவன:

அ) வியாழக்கிழமைத் தெளிப்பை நிறுத்துமாறு மேற்பார்வையாளருக்கு ஒரு சீட்டு.

ஆ) மேற்படி இடத்தைத் தொடர் புகார் பட்டியலிலிருந்து எடுத்துவிடுதல். புகார் கொடுத்தவன் நான். திரும்பப் பெறுபவனும் நானே.

இ) பட்டியலில் இருபத்தைந்தாவதாக ஒரு தலைப்பைச் சேர்த்தல். "உள்ளதை உள்ளபடி விடுதல்" என்று இருக்கலாம். சொற்களைத் தாங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஊரில் இதைக் கேட்பவன் நான் ஒருவனாக இருக்க மாட்டேன். மற்றவர்கள் மனுக்களும் இத்தனை ஆண்டுகளாகப் பதினொன்றில் போய் விழுந்திருக்கும் என்று நினைக்கும்போது சோறு இறங்குவதில்லை.

ஈ) அதுவரை இந்த மனுவுக்கு எண் இட வேண்டாம், கணினியில் ஏற்ற வேண்டாம், எந்தப் பிரிவுக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்றினால் நான்காவது புகார் ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று. என் பணிக்காலத்தில் ஒரு தாய், தன் வீட்டுச் சந்தில் ஒரு விளக்கு கேட்டு நான்கு ஆண்டுகள் மனு கொடுத்தார். ஒவ்வொரு முறையும் அதன் ஓரத்தில் நான் எழுதியது "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்பதுதான். அப்படி எத்தனை ஆயிரம் தாள்களில் எழுதினேன் என்று நினைவில்லை. அதற்கென்று ரப்பர் முத்திரையே செய்து வைத்திருந்தேன். அது இப்போதும் தபால் பிரிவு மேசையின் இடது இழுப்பறையில் இருக்கும். யார் யாருக்கோ வேண்டாத இடத்தில் எல்லாம் குத்திய அந்த முத்திரையை, இந்த மனுவின் ஓரத்தில் ஒரே ஒரு முறை குத்தி, கீழே தங்கள் கையொப்பத்தை இட்டுத் தருமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளை எடுத்துப் போய்ச் சுவரோரம் காவல் நிற்பேன்.

இப்படிக்கு,
எழுதக் கூடாது என்று வீட்டில் சொல்லப்பட்ட,
தங்கள் முன்னாள் தபால் பிரிவு எழுத்தர்
(ஒப்பம்)

இடம்: நகராட்சி அலுவலகம், முதல் மாடி, காத்திருப்போர் பெஞ்சு
நாள்: 12.5, செவ்வாய்க்கிழமை

இணைப்பு:
1. மூன்று ஒப்புகைச் சீட்டுகளின் நகல்.
2. புழு எண்ணிக்கை, நான்கு பக்கம் (எழுதியவருக்குத் தெரியாமல் நகல் எடுக்கப்பட்டது, திருப்பித் தர வேண்டியதில்லை, தயவுசெய்து அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டாம்).
3. ஈரத்துணியில் சுற்றிய பொடுதலைத் துண்டு ஒன்று, இரண்டு கணு. தங்கள் அறை ஜன்னலுக்குக் கீழே ஏ.சி. தண்ணீர் சொட்டும் மூலை ஒன்று உண்டு. அங்கே படுக்கவைத்து ஒரு கல்லை மட்டும் வைத்தால் போதும். பிறகு தாங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.